பட்டாசு மட்டுமா செய்தார்கள்?

சீனர்கள் வெடிமருந்தைக் கண்டுபிடித்தார்கள், பட்டாசு வெடித்தார்கள். ஐரோப்பியர்கள் அதே மருந்தில் துப்பாக்கி செய்தார்கள். சீனர்கள் காந்த ஊசியைக் கண்டுபிடித்தார்கள், வீட்டு மனைக்குத் திசை பார்த்தார்கள். ஐரோப்பியர்கள் அதே ஊசியை வைத்துக் கடல் கடந்தார்கள். சீனர்கள் அச்சுக்கலையைக் கண்டுபிடித்தார்கள், மந்திரத் தாள் அச்சடித்தார்கள். ஐரோப்பியர்கள் அதே கலையால் உலகத்தைப் புரட்டிப்போட்டார்கள்.

பட்டிமன்ற மேடையில், தன்னம்பிக்கை நூலில், கல்லூரி விழாப் பேச்சில், கைப்பேசியில் சுற்றும் பதிவுகளில் இந்த மூன்று வாக்கியங்களும் ஒன்றாகவே வருகின்றன. சொல்பவர் சீனத்தை இகழ்பவராகவும் இருப்பார், புகழ்பவராகவும் இருப்பார். கேட்பவர் தலையாட்டுவார். ஆண்டு கேட்பதில்லை, இடம் கேட்பதில்லை, ஆள் பெயர் கேட்பதில்லை. அவற்றைக் கேட்டுப் பார்த்தால் மூன்றும் நிற்காது என்பதே என் வாதம்.

முதலில் எதிர்த்தரப்பை அதன் முழு பலத்தோடு வைத்துவிடுகிறேன். அந்தத் தரப்பிடம் மூன்று வலுவான சான்றுகள் உண்டு. ஒன்று, 1839இல் தொடங்கிய அபினிப் போர். வெடிமருந்து பிறந்த நாட்டின் கடற்கரைக் கோட்டைகளைப் பிரிட்டனின் சில கப்பல்கள் வந்து நொறுக்கின. நெமிசிஸ் என்ற இரும்பு நீராவிக் கப்பல் ஆற்றுக்குள்ளேயே ஏறி வந்தது. 1842இல் நான்ஜிங் உடன்படிக்கையில் ஹாங்காங் தீவைக் கொடுத்துத்தான் சீனம் சமாதானம் வாங்கியது. இரண்டாவது, நவீனச் சீன இலக்கியத்தின் தலைமகன் லூ சுன். வெளிநாட்டார் வெடிமருந்தில் தோட்டா செய்தபோது நாம் சாமிக்குப் பட்டாசு வெடித்தோம், அவர்கள் திசைகாட்டியோடு கடலோடியபோது நாம் ஃபெங்சுயி பார்த்தோம் என்ற பொருளில் 1933இல் அவரே எழுதினார். மூன்றாவது, ஜோசப் நீடாம். சீன அறிவியல் வரலாற்றை 1954 முதல் தொகுதி தொகுதியாக எழுதிய அந்தக் கேம்பிரிட்ஜ் அறிஞரே, நவீன அறிவியல் ஏன் சீனத்தில் பிறக்காமல் ஐரோப்பாவில் பிறந்தது என்ற கேள்வியை எழுப்பியவர்.

இவற்றை வைத்து அவர்கள் வந்துசேரும் முடிவு இது: கண்டுபிடிப்பு தற்செயலாக நடந்தது. பழைய நூலையும் முன்னோர் வழிபாட்டையும் கட்டிக்கொண்டிருந்த சமூகம் அதன் பயனை உணரவில்லை. கைத்தொழிலை இழிவாக நினைத்த கன்பூசிய அதிகாரிகள் அதை வளரவிடவில்லை. ஆகவே அது விளையாட்டுப் பொருளாகவே கிடந்தது. கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. இனி என் மறுப்புகள்.

1. வரிசையே தலைகீழ்.

பட்டாசு முதலில் வந்தது, ஆயுதம் பிறகு வேறு யாராலோ வந்தது என்று இந்தக் கதை நம்மை நினைக்கவைக்கிறது. சீனத்தில் பட்டாசு என்ற வழக்கம் வெடிமருந்துக்கு முந்தியது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பட்டாசில் மருந்தே கிடையாது. பச்சை மூங்கிலைத் தீயில் போட்டால் கணுக்களுக்குள் அடைபட்ட காற்று சூடேறி வெடிக்கும். புத்தாண்டுக் காலையில் முற்றத்தில் மூங்கில் வெடித்து மலைப்பேய்களை விரட்டும் வழக்கத்தை, நடுச் சீனத்தின் ஜிங்சூ பகுதியின் பண்டிகைகளைப் பற்றி 6ஆம் நூற்றாண்டில் எழுதிய சோங் லின் பதிவு செய்திருக்கிறார். அதன் பிறகு பல தலைமுறை கழித்தே, தாங் அரசமரபுக் காலத் தாவோயிசத் துறவிகளின் இரசவாத அடுப்புகளில் வெடியுப்பும் கந்தகமும் கரியும் ஒன்றுசேர்ந்து தீப்பிடிக்கும் சேதி தெரியவருகிறது.

வெடிமருந்துச் செய்முறை அளவுகளோடு எழுதிவைக்கப்பட்ட மிகப் பழைய நூல் எது? 1044இல் சோங் அரசமரபின் அவை தொகுப்பித்த ‘வூஜிங் சோங்யாவ்’ என்ற போர்க்கலைக் களஞ்சியம். அதில் மூன்று செய்முறைகள் இருக்கின்றன. ஒன்று நச்சுப்புகை உருண்டைக்கு, ஒன்று கவண்பொறியில் வைத்து வீசும் தீக்குண்டுக்கு, ஒன்று முள் பதித்த குண்டுக்கு. மூன்றும் கொல்லவும் எரிக்கவும்தான். தலைநகர் கைஃபெங்கின் அரசு ஆயுதப் பட்டறைகளில் வெடிமருந்துக்கென்றே தனிப் பட்டறை இருந்தது. செய்முறையை வெளியே சொல்லத் தடை இருந்தது. வெடியுப்பையும் கந்தகத்தையும் எல்லைக்கு அப்பால் விற்கக் கூடாது என்று அதே 11ஆம் நூற்றாண்டில் அரசு ஆணை பிறப்பித்தது. திருவிழாப் பொருளுக்கு எந்த அரசும் இப்படிக் காவல் போடாது.

மருந்து அடைத்த வாணவேடிக்கை பற்றிய தெளிவான வர்ணனைகள் நமக்குக் கிடைப்பது 12ஆம் நூற்றாண்டு எழுத்துகளில். மூங்கில் வெடித்த பழைய பண்டிகை, படைக்கொட்டடியிலிருந்து வந்த மருந்தை எடுத்துக்கொண்டது. ஆகவே, கிடைத்திருக்கும் சான்றுகளின்படி முதலில் ஆயுதம், பின்னர் வாணம்.

2. எந்தப் போரில் பயன்படுத்தவில்லை என்று சொல்லுங்கள்.

இங்கே நிதானமாக நிற்க வேண்டும். ‘பயன்படுத்தவில்லை’ என்ற சொல் முழுக்க முழுக்க இந்த இடத்தில்தான் தங்கியிருக்கிறது.

1126இல் ஜுர்சென் இனத்தாரின் ஜின் படைகள் கைஃபெங்கை முற்றுகையிட்டபோது மதில்மேல் நின்றவர்கள் இடிக்குண்டுகளை வீசினார்கள். 1132இல் தேஆன் நகர முற்றுகை. நகரைக் காத்த சென் குய், குண்டுக்கு வைத்திருந்த மருந்தை நீண்ட மூங்கில் கழிகளில் அடைத்து இருபதுக்கும் மேற்பட்ட தீ ஈட்டிகள் செய்தார். மதிலோடு சாய்க்க எதிரி கொண்டுவந்த மரப் பாலக் கோபுரத்தின்மேல் அவற்றைக் கொண்டு தீ பாய்ச்சினார்கள். துப்பாக்கியின் குலமுதல்வன் அந்தக் கழிதான். குழாய், அதற்குள் மருந்து, ஒரு முனை திறப்பு என்ற அமைப்பு அங்கே வந்துவிட்டது. 1161இல் யாங்சி ஆற்றங்கரையில் சாய்ஷி என்ற இடத்தில், சக்கரத்தால் ஓடும் சோங் படகுகளிலிருந்து குண்டுகள் பறந்தன.

1232இல் அதே கைஃபெங். இப்போது உள்ளே இருப்பது ஜின், வெளியே மங்கோலியர். மங்கோலியர் மாட்டுத்தோல் பந்தலின் மறைவில் மதிலடிக்கு வந்து பள்ளம் தோண்டினார்கள். மேலிருந்து கவண் எறிய முடியாத இடம் அது. காவலர்கள் இரும்புக் கூட்டில் மருந்து நிறைத்த குண்டைச் சங்கிலியில் கட்டி மெல்ல இறக்கி அங்கேயே வெடிக்கவைத்தார்கள். பந்தலும் ஆட்களும் சிதறிப்போனதாக ஜின் வரலாறு சொல்கிறது. பதினாறு மடிப்புத் தாளைச் சுருட்டி உருவாக்கிய குழாயிலிருந்து தீ கக்கும் ஈட்டிகளும் அந்த முற்றுகையில் இருந்தன.

உற்பத்தி அளவு எப்படி இருந்தது? 1257இல் லி செங்போ என்ற சோங் அதிகாரி தென் எல்லையில் ஆயுதக் கிடங்குகளைப் பார்வையிட்டு அரசவைக்குக் குறை எழுதுகிறார். இங்கே இரும்புக் குண்டு 85தான் இருக்கிறது; நான் ஜிங்ஜோவில் இருந்தபோது மாதத்துக்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று செய்தோம் என்பது அவர் புலம்பலின் சாரம். மாதம் ஆயிரக்கணக்கில் வெடிகுண்டு செய்த நாட்டைத்தான் பட்டாசு நாடு என்கிறோம். இரண்டாண்டு கழித்து, 1259இல், மூங்கில் குழாயிலிருந்து மருந்தின் விசையால் வில்லை பாயும் ஆயுதம் பதிவாகிறது.

காகிதத்தை நம்பமாட்டேன் என்பவருக்கு உலோகம் இருக்கிறது. வடகிழக்கில் ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தில் 1970இல் கண்டெடுத்த வெண்கலக் கைப்பீரங்கி, அறிஞர்களின் கணிப்பில் 1288ஐ ஒட்டியது. எடை மூன்றரைக் கிலோ. குப்லாய் கானின் கோடைத் தலைநகரான ஷாங்டுவில் கிடைத்த துப்பாக்கியில் 1298க்கான தேதியே பொறித்திருக்கிறது. ஐரோப்பாவில் துப்பாக்கியின் முதல் படம் 1326க்கு உரியது. 1274, 1281 ஆண்டுகளில் மங்கோலியப் படை ஜப்பானைத் தாக்கியபோது வீசிய மண்பாண்ட வெடிகுண்டுகள், தகஷிமா தீவருகே கடலடி அகழாய்வில் வெளிவந்தன. அந்தப் போரில் நின்ற தகெசாகி சுவெனகா என்ற சாமுராய் வரையச் செய்த ஓவியச் சுருளில் குண்டு வெடிப்பது தெரிகிறது.

மிங் அரசமரபே வெடிமருந்தின் பலத்தில் எழுந்தது. 1363இல் போயாங் ஏரிப் போரில் ஜூ யுவான்ஜாங் துப்பாக்கிகளோடும் தீப்படகுகளோடும் எதிரியின் பெரும் படகுப்படையை அழித்தார். ஐந்தாண்டில் பேரரசர் ஆனார். நூறு வீரருக்குப் பத்துப் பேர் துப்பாக்கியேந்த வேண்டும் என்று 1380இல் விதி வகுத்தார். 1388இல் யுன்னானில் அவருடைய தளபதி மூ யிங் யானைப்படையைச் சந்தித்தார். துப்பாக்கியரையும் தீயம்பு எய்பவரையும் மூன்று வரிசையாக நிறுத்தினார். முதல் வரிசை சுட்டும் யானைகள் திரும்பாவிட்டால் இரண்டாவது, அதற்கும் மசியாவிட்டால் மூன்றாவது. யானைகள் மிரண்டு ஓடின. வரிசை மாறி மாறிச் சுடும் இந்த உத்தியை டச்சுப் படைகள் 1590களில்தான் கைக்கொண்டன. பெய்ஜிங்கைத் தலைநகராக்கிய யோங்லே பேரரசரின் காலத்தில், வெடிமருந்து ஆயுதங்களுக்கென்றே ஒரு முழுப் படைப்பிரிவு தலைநகரின் மூன்று பெரும் பாசறைகளில் ஒன்றாக இருந்தது.

இவ்வளவையும் தாண்டி ஒருவர் ‘பயன்படுத்தவில்லை’ என்றால், அவர் எந்தச் சீனத்தைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை.

3. பெரிய பீரங்கி ஏன் செய்யவில்லை என்ற கேள்விக்கு விடை மதிலில் இருக்கிறது.

நியாயமான எதிர்க்கேள்வி ஒன்று உண்டு. 15ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் துருக்கியிலும் கோட்டை உடைக்கும் ராட்சதப் பீரங்கிகள் வந்தன. சீனத்தில் சிறியவையே இருந்தன. இது சோம்பலா? சியான் நகரத்தின் மிங் கால மதிலைப் போய்ப் பாருங்கள். 12 மீட்டர் உயரம். அடியில் 15 முதல் 18 மீட்டர் தடிமன். உள்ளே இடித்து இறுக்கிய மண், வெளியே செங்கல். 1453இல் உதுமானியர் பீரங்கியால் உடைத்த கான்ஸ்டான்டிநோபிள் உள்மதிலின் தடிமன் சுமார் 5 மீட்டர். கல்மதில் அதிர்ந்து விரிசல்விடும். மண் நெஞ்சுள்ள மதில் குண்டை விழுங்கிக்கொள்ளும். அப்படிப்பட்ட மதில்களை உடைக்க அன்றைய எந்தப் பீரங்கியாலும் முடியாது. முடியாத வேலைக்குக் கருவி செய்யாதது அறியாமையா? ஆளைக் கொல்லும் சிறு துப்பாக்கிகளில் அவர்கள் கவனம் வைத்தார்கள். டோனியோ ஆண்ட்ரேட் என்ற வரலாற்றாசிரியர் 2016இல் வெளியிட்ட நூலில் இந்த வாதத்தை விரிவாக வைத்திருக்கிறார். எனக்கு அது ஏற்புடையதாகவே படுகிறது.

சிறந்த ஆயுதம் வெளியிலிருந்து வந்தபோது அவர்கள் என்ன செய்தார்கள் என்பதும் முக்கியம். 1521, 1522 ஆண்டுகளில் குவாங்டாங் கடலோரத்தில் போர்த்துகீசியரோடு மோதினார்கள், வென்றார்கள், அவர்களுடைய பீரங்கிகளைக் கைப்பற்றினார்கள். 1520களிலேயே அதே வகையைத் தாங்களே வார்க்கத் தொடங்கினார்கள். 1593இல் பியோங்யாங்கிலிருந்து ஜப்பானியரை விரட்டியதில் மிங் பீரங்கிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 1626இல் நிங்யுவான் மதில்மேல் ஐரோப்பிய வகைப் பீரங்கிகளை நிறுத்திய யுவான் சோங்ஹுவான், அதுவரை தோல்வியறியாத மஞ்சுத் தலைவர் நூர்ஹாசியைத் திருப்பியனுப்பினார். 1662 பிப்ரவரி 1இல் தைவானின் ஜீலாந்தியா கோட்டையை டச்சுக் கிழக்கிந்திய நிறுவனம் மிங் தரப்புத் தளபதி ஜெங் செங்கோங்கிடம் ஒப்படைத்தது. மூலைக்கொத்தளங்களோடு கட்டிய அந்த ஐரோப்பியக் கோட்டை அவரை ஒன்பது மாதம் தவிக்கவைத்தது உண்மை. அவர் கற்றுக்கொண்டு வென்றதும் உண்மை. 1680களில் ரஷ்யர்களின் அல்பாசின் கோட்டையை இரண்டு முறை முற்றுகையிட்டு, 1689இல் நெர்சின்ஸ்க் உடன்படிக்கைக்குக் கொண்டுவந்தது காங்சி பேரரசரின் படை. அந்தப் பேரரசருக்குப் பீரங்கி வார்த்துக்கொடுத்தவர்களில் ஃபெர்பீஸ்ட் என்ற இயேசு சபைத் துறவியும் ஒருவர். மூடிய மனம் என்றால் இப்படியா இருக்கும்?

4. கன்பூசியஸைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது, சாட்சி இல்லை.

‘நூல் படித்த அதிகாரிகள் தொழில்நுட்பத்தை ஒடுக்கினார்கள்’ என்ற குற்றச்சாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1044இன் போர்க் களஞ்சியத்தைத் தொகுத்த செங் கோங்லியாங்கும் திங் துவும் யார்? கன்பூசிய நூல்களில் தேர்வெழுதிப் பதவிக்கு வந்த குடியியல் அதிகாரிகள். தேஆனில் தீ ஈட்டி செய்த சென் குய்? தேர்வு எழுதி வந்தவர். நிங்யுவானில் பீரங்கி நிறுத்திய யுவான் சோங்ஹுவான்? மிக உயர்ந்த தேர்வில் வென்றவர். ஐரோப்பியப் பீரங்கிகளை வாங்கச் சொல்லி மிங் அரசவையை விடாமல் வற்புறுத்திய, யூக்ளிடை இயேசு சபைத் துறவி மத்தேயோ ரிச்சியோடு சேர்ந்து சீன மொழியில் தந்த சூ குவாங்சி? அவரும் அதே தேர்வின் பட்டம் பெற்றவர்தான்.

ஒரு காரணம் எப்போதும் இருக்கிறது என்றால், அதன் விளைவும் எப்போதும் இருக்க வேண்டும். 1132இலும் கன்பூசியஸ் இருந்தார், 1842இலும் இருந்தார். முதல் ஆண்டில் உலகத்திலேயே முன்னணி, பின் ஆண்டில் படுதோல்வி. இரண்டுக்கும் பொதுவான ஒன்றை இரண்டாவதற்கு மட்டும் காரணமாக்குவது தர்க்கப் பிழை.

5. திசைகாட்டியோடு அவர்கள் நம் கரைக்கே வந்தார்கள்.

மனை பார்க்கவும் கல்லறைக்கு இடம் குறிக்கவும் காந்த ஊசி பயன்பட்டது என்பதை மறுக்கவில்லை. கடலுக்கு வருமுன்பே அது மனைசாத்திரிகளின் கையில் இருந்தது. ஆனால் ‘அது மட்டும்தான்’ என்பது பொய். ஷென் குவோ 1088ஐ ஒட்டி எழுதிய நூலில், ஊசி சரியான தெற்கைக் காட்டாமல் சற்றே கிழக்கே விலகுவதைக்கூடக் குறித்துவைத்திருக்கிறார். 1119இல் ஜூ யூ எழுதிய நூலில் குவாங்ஜோ மீகாமர்கள் வருகிறார்கள்: இரவில் நட்சத்திரம், பகலில் சூரியன், மூட்டமாக இருந்தால் தெற்கூசி. 1123இல் கொரியாவுக்குத் தூது சென்ற சூ ஜிங்கின் கப்பலும் இருண்ட இரவில் மிதக்கும் ஊசியை நம்பியே போனது. ஐரோப்பாவில் கடலோடிகளின் ஊசியைப் பற்றிய முதல் குறிப்பு அலெக்சாண்டர் நெக்கம் எழுதியது, 1190 வாக்கில். 1225இல் குவான்ஜோ துறைமுகக் கடல் வணிக அதிகாரி ஜாவ் ருகுவோ, நடுக்கடலில் இரவும் பகலும் ஊசியைப் பார்த்தபடியே இருக்க வேண்டும், இம்மி பிசகினால் உயிர் போகும் என்ற பொருள்பட எழுதுகிறார். மனை பார்ப்பவருக்கு உயிர் போகும் ஆபத்து இல்லை.

இந்தக் கப்பல்கள் எங்கே போயின? குவான்ஜோவின் புறத்துறைமுகத்தில் 1974இல் தோண்டியெடுத்த சோங் காலக் கப்பலுக்கு 13 தனித்தனி அறைகள். ஒன்றில் நீர் புகுந்தாலும் மற்றவை தாங்கும் கட்டுமானம். அதில் வாசனைக் கட்டைகளும் மிளகும் கிடந்தன. அதே குவான்ஜோவில் தமிழ் வணிகர் எழுப்பிய சிவன் கோயிலின் தமிழ்க் கல்வெட்டு 1281க்கு உரியது. மறுபக்கம், 1330களில் கடலோடிய வாங் தாயுவான் நாகப்பட்டினத்தில் ஒரு செங்கல் கோபுரத்தைப் பார்த்ததாகவும், 1267இல் வேலை முடிந்ததாக அதில் சீன எழுத்து இருந்ததாகவும் பதிவுசெய்திருக்கிறார். மிங் கடற்படைத் தளபதி ஜெங் ஹெயின் ஏழு பயணங்கள் 1405 முதல் 1433 வரை. அவர் வைத்த 1409ஆம் ஆண்டுக் கல் இலங்கையின் காலியில் 1911இல் கிடைத்தது. சீனம், தமிழ், பாரசீகம் என மும்மொழி. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாருக்குக் காணிக்கை சொல்கிறது. கொழும்பு அருங்காட்சியகத்தில் அதை இன்றும் பார்க்கலாம். திசைகாட்டியைச் சீனர் கடலில் பயன்படுத்தவில்லை என்று தமிழன் ஒருவன் சொல்வது எனக்குக் கூடுதலாக உறுத்துகிறது. அந்த ஊசி காட்டிய வழியின் மறுமுனை நம் துறைமுகங்கள்.

ஜெங் ஹெக்குப் பிறகு எல்லாம் மூடிக்கொண்டது என்ற துணைக்கதைக்கும் ஒரு வரி. அரசின் பெரும் பயணங்கள் நின்றன. வணிகரின் பயணங்கள் நிற்கவில்லை. கடல்வணிகத் தடை நெடுங்காலம் இருந்தும் கள்ள வணிகம் ஓயவில்லை, 1567இல் ஃபூஜியனின் யுவேகாங் துறைமுகத்தை அரசே திறந்துவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் 17ஆம் நூற்றாண்டிலேயே போய்ச்சேர்ந்த சீன மாலுமிக் கையேடு ஒன்று இருக்கிறது; பக்கம் பக்கமாகத் திசைகாட்டிக் குறிப்புகள். 1621இல் மாவ் யுவான்யி தொகுத்த ‘வூபெய் ஜி’ என்ற போர்நூலில் வெடிமருந்து ஆயுதங்களும், ஜெங் ஹெ வழித்தடத்தின் ஊசிக் குறிப்புகள் அடங்கிய கடல் வரைபடமும் ஒரே நூலின் பகுதிகளாக இருக்கின்றன. மூன்று வாக்கியக் கதையில் முதல் இரண்டையும் மறுக்க அந்த ஒரு நூல் போதும்.

6. ‘பயன்’ என்ற சொல்லுக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது.

அச்சுக்கலையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். துன்ஹுவாங்கில் கிடைத்த 868ஆம் ஆண்டு வஜ்ர சூத்திரம் சமயநூல்தான். ஆனால் அடுத்த நூற்றாண்டிலேயே, 932 முதல் 953 வரை, அமைச்சர் ஃபெங் தாவின் மேற்பார்வையில் கன்பூசியச் செவ்வியல் நூல்கள் அச்சேறின. 971 முதல் 983 வரை 1,30,000 மரப்பலகைகளில் பௌத்தத் திருமறைத் தொகுப்பு முழுதும் செதுக்கப்பட்டது. 1024இல் சிச்சுவானில் அரசின் காகிதப் பணம் புழக்கத்துக்கு வந்தது. மருத்துவ நூல்களைச் சரிபார்த்து அச்சிட 1057இல் தனி அலுவலகமே ஏற்பட்டது. ஃபூஜியனின் ஜியான்யாங் ஊரில் லாபத்துக்குப் புத்தகம் போடும் பதிப்பகங்கள் தலைமுறை தலைமுறையாக நடந்தன. உலோக எழுத்தைக் கோத்து அச்சிடாமல் பலகையிலேயே நின்றார்கள் என்று குறை சொல்வோர், ஆயிரக்கணக்கான எழுத்துருக்களை வார்த்து அடுக்கிவைக்கும் செலவை நினைத்துப் பார்க்கட்டும். பலகை செதுக்கும் ஆளுக்குக் கூலி குறைவு. பலகையை எடுத்துவைத்து, வேண்டும்போது வேண்டிய படிகளை மட்டும் எடுக்கலாம். அதன் வேகத்தையும் மலிவையும் ரிச்சியே வியந்து எழுதினார்.

இவை எதுவும் ‘பயன்’ கணக்கில் ஏன் சேரவில்லை? லூத்தர் போல ஒருவர் எழுந்து திருச்சபையைப் பிளந்தால் அச்சுக்குப் பயன் உண்டு; தேர்வு மாணவனுக்கும் வைத்தியருக்கும் புத்தகம் கிடைத்தால் பயன் இல்லை. அடுத்தவன் கரையில் இறங்கி அவன் நாட்டைப் பிடித்தால் திசைகாட்டிக்குப் பயன் உண்டு. மிளகு வாங்கிப் பட்டு விற்றால் பயன் இல்லை. கதைக்குள் ஒளிந்திருக்கும் நிபந்தனை இதுதான்: ஐரோப்பா செய்ததைச் செய்தால் மட்டுமே அது பயன்பாடு. அந்த அளவுகோலை ஏற்றுக்கொண்டுவிட்டால் வாதிடவே வேண்டாம். முடிவு அளவுகோலிலேயே எழுதியிருக்கிறது.

7. புகழ்ச்சி வடிவமும் பொய்தான்.

“சீனர் சாந்தமானவர்கள், அழிக்கும் சக்தியைக் கண்டும் அதை மகிழ்ச்சிக்கே பயன்படுத்திய ஞானிகள்” என்று நெகிழ்பவர்கள் உண்டு. நல்ல மனத்தோடு சொல்கிறார்கள். ஆனால் இறந்தவர்களை மறைக்கிறார்கள். 1407இல் மிங் படை துப்பாக்கிகளோடு வியட்நாமைப் பிடித்து இருபதாண்டு ஆண்டது. காலியில் மும்மொழிக் கல் வைத்த அதே ஜெங் ஹெயின் படை 1411இல் இலங்கை ஆட்சியாளர் அளகக்கோனாரைச் சிறைபிடித்துச் சீனத்துக்குக் கொண்டுபோனது. 1750களில், மிங்குக்குப் பின் வந்த சிங் அரசமரபின் படை சுங்கார் மங்கோலிய மக்களை ஏறத்தாழ இல்லாமலாக்கியது. எந்தப் பேரரசையும் போலவே சீனப் பேரரசும் ஆயுதத்தால் விரிந்தது. ஒரு மக்களைப் பொம்மைத் துறவிகளாக்கி வைப்பது மரியாதை ஆகாது.

8. பிறகு 1842 ஏன் நடந்தது?

இது பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வி. பதில் குணத்தில் இல்லை, காலத்தில் இருக்கிறது. 1750களில் சுங்கார்களை முடித்த பிறகு, சமபலத்தோடு வெடிமருந்துப் போர் செய்யும் எதிரி சிங் பேரரசுக்கு எட்டு பத்தாண்டுகள் இல்லை. எல்லைப் போர்களும் உள்நாட்டுக் கிளர்ச்சிகளும் வந்தன. பழைய ஆயுதமே அவற்றுக்குப் போதுமானதாக இருந்தது. அதே காலத்தில் ஐரோப்பா தன்னைத்தானே சுட்டுக்கொண்டிருந்தது. ஏழாண்டுப் போர், பிறகு 1792 முதல் 1815 வரை பிரெஞ்சுப் புரட்சிப் போர்களும் நெப்போலியன் போர்களும். 1742இல் பெஞ்சமின் ராபின்ஸ் குண்டின் வேகத்தையும் காற்றின் எதிர்ப்பையும் கணக்குப்போட்டு எழுதிய நூலை ஐரோப்பியப் பீரங்கிப்படைகள் கற்றன. அதன்மேல் நீராவி வந்தது. 1839இல் வந்து மோதியது இந்த எண்பதாண்டு இடைவெளி. சிங் அரசவை அந்த இடைவெளியில் தூங்கியது என்று சொல்லுங்கள், ஏற்கிறேன். அதற்காக அந்த அரசவையைக் கடுமையாகக் கண்டிக்கவும் செய்யலாம். எண்பதாண்டுத் தூக்கத்தை எண்ணூறு ஆண்டுகளுக்கும் நீட்டி ஓர் இனத்தின் இயல்பு என்று முத்திரை குத்துவதைத்தான் ஏற்க முடியாது. அடி விழுந்த உடனே அங்கே என்ன நடந்தது என்றும் பாருங்கள். கோங் ஜென்லின் இரும்பு அச்சில் பீரங்கி வார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். குவான்ஜோக்காரரான திங் கோங்சென் பீரங்கி இயக்கத்தைப் படங்களோடு விளக்கி நூல் எழுதினார். இரண்டும் 1840களின் தொடக்கத்திலேயே.

லூ சுன்? அவர் வரலாற்றுப் பாடம் எழுதவில்லை. 1931இல் ஜப்பான் மஞ்சூரியாவை விழுங்கிய பிறகு, உறங்கும் தன் மக்களை உசுப்ப அவர் சாட்டையைச் சுழற்றினார். அது அவர் உரிமை. அந்தச் சாட்டையின் ஓசையை நாம் சான்றாவணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நீடாமை மேற்கோள் காட்டுபவர்களும் அவருடைய கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். வெடிமருந்துக்கென்றே அவர் 1986இல் ஒரு முழுத் தொகுதி வெளியிட்டார். சீனர் அதை வாணவேடிக்கைக்கு மட்டுமே வைத்திருந்தார்கள் என்ற கருத்தை அவரே அதில் தகர்த்திருக்கிறார்.

மாணவர்களுக்கு எழுதுவோருக்கும் மேடையில் பேசுவோருக்கும் ஒரு வேண்டுகோள். ‘பட்டாசு வெடித்தார்கள்’ என்ற வரியை அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் 1044, 1132, 1232, 1288 என்ற நான்கு ஆண்டுகளையும், ஒவ்வொன்றிலும் என்ன நடந்தது என்பதையும் எழுதுங்கள். அடுத்த முறை யாராவது மேடையில் அந்த வரியைச் சொன்னால், எழுந்து நின்று எந்த ஆண்டைச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள்.